ராயப்பராஜ் ஜெபமாலை உருட்டிய காரணம்

என் புருஷன் ராயப்பராஜ் குடித்ததில்லை. என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. இன்னொருத்தி வீட்டுப் படியேறியதில்லை. இப்படிப்பட்ட மனுஷன் பெண்டாட்டிக்கு என்ன துரோகம் செய்திருக்க முடியும் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் சொல்கிறேன். கூச்சப்படுகிறவர்கள் எழுந்து போகலாம். எனக்குக் கூச்சப்படுகிற வயசு எப்போதோ போய்விட்டது.

ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதம் கோயிலில் வைத்து எனக்குத் தாலி கட்டினார். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஓட்டு வீடு, பின்னால் விறகு போடுகிற ஒரு கொட்டகை. செபஸ்தியான் அண்ணனின் பூட்டுப் பட்டறையில் அவருக்கு வேலை. பூட்டின் தலையில் வளைவாக ஒரு கம்பி இருக்கும் அல்லவா, அதைச் செய்வது அவர் கைவேலை. இரும்பை உலையில் பழுக்கக் காய்ச்சுவார், சூடு ஆறுவதற்குள் இழுத்து நீட்டுவார், அப்புறம் வளைப்பார். ஒரு நாளைக்கு நாற்பது கம்பி. அளவு ஒரு நூல் பிசகாது. வீட்டிலேயும் அப்படித்தான். கட்டிலில் போர்வை கோணலாக இருந்தால்கூட எழுந்து நேராக்கிவிட்டுத்தான் படுப்பார்.

நான் கன்னியர் மடத்தில் சமையல். விடுதியில் எண்பது பெண் பிள்ளைகள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எண்பது பேருக்கு எத்தனை படி அரிசி, எத்தனை கை உப்பு என்பது கண்ணை மூடிக்கொண்டு தெரியும். மடத்துத் தலைவியை எல்லோரும் மதர் என்போம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கண்டிப்பு. ஆனால் என் கைச் சாம்பார் என்றால் இரண்டாம் முறை கேட்பார். சாவிக்கொத்தையே என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். மேட்டுப்பட்டியில் எனக்கு இருந்த மரியாதை எல்லாம் அந்த மடத்திலிருந்து வந்ததுதான். இந்த வியாகுலம் ஒரு வார்த்தை சொன்னால் குழாயடியில் சண்டை நிற்கும். அந்தப் பேரைத்தான் நான் தொலைத்தேன். நான் தொலைக்கவில்லை, தொலைக்க வைத்தார்.

கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. எனக்கு ஏக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவரைக் குறை சொன்னதில்லை. கட்டிலிலும் சொன்னதில்லை, கட்டிலுக்கு வெளியேயும் சொன்னதில்லை. எனக்குக் குறையாகவும் தெரியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தொன்றில் அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. மாதாமாதம் ஐந்தாம் தேதி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார்.

“எங்க, வேலை நாளும் அதுவுமா?” என்று கேட்டேன்.

“செம்பட்டி வரைக்கும் போறேன். பித்தளைத் தகடு பாக்கணும்னு செபஸ்தியான் அண்ணே சொன்னாரு.”

“தகடு பாக்க வெள்ளைச் சட்டை எதுக்கு?”

“ஏட்டி, மனுசன் ஒரு நாள் சுத்தமா போகக்கூடாதா?”

சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் இடுப்பு வலி என்றார். தினமும் விடிகிறபோது கல்லுப்பை வறுத்து, துணியில் மூட்டையாகக் கட்டித் தரச் சொன்னார். உலைக்கு முன்னால் குனிந்து நிற்கிற மனுஷனுக்கு இடுப்பு வலிக்காதா? அடுப்பு மூட்டி, உப்பு வறுத்து, கை பொறுக்கிற சூட்டில் கட்டிக் கொடுப்பேன். அதை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். போகும்போது சுவரில் தொங்குகிற ஜெபமாலையையும் எடுத்துக்கொண்டு போவார்.

ஒரு நாள் கதவுப் பக்கம் நின்று கேட்டேன். மணி ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் மெதுவாக வந்தது. ஒன்று, அப்புறம் செத்த நேரம் கழித்து இன்னொன்று. மனுஷன் முனகுகிற சத்தமும் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பிள்ளை வரத்துக்காக என் புருஷன் ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்கிறார், அதுவும் அழுது அழுது சொல்கிறார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறவரைப் பார்த்து எங்கள் தெருவில் யாருமே வேறு எதையும் நினைக்கமாட்டார்கள்.

நினைத்ததோடு நிறுத்தினேனா? குழாயடியில் சொன்னேன். மதரிடம் சொன்னேன். மதர் அசந்து போனார். “ஆண்கள்ல இப்படிப் பக்தி அபூர்வம், வியாகுலம். நீ கொடுத்து வச்சவ” என்று சொல்லி, மாதா படம் போட்ட ஒரு அட்டையை அவருக்குக் கொடுத்தனுப்பினார். அக்டோபர், ஜெபமாலை மாதம் வந்ததும் பக்கத்து வீடுகளில் நடக்கிற ஜெபத்தை முன்னின்று சொல்ல அவரையே கூப்பிட்டார்கள். மறுக்கவும் முடியாமல் போனார். முட்டி போட்டு, கண்ணை மூடி, மணி உருட்டினார். பின்னால் நான் பெருமையோடு முட்டி போட்டிருந்தேன்.

அறுபத்திரண்டு மாசி மாதம், ஒரு விடிகாலை. அன்றைக்கு உப்பு மூட்டை வேண்டாம், ஒரு சட்டியில் கங்கு மட்டும் அள்ளிக் கொடு என்றார். கொடுத்தேன். செத்த நேரத்தில் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு அலறல். கதவை இடித்துத் திறந்தேன்.

வேட்டி தரையில் கிடந்தது. அவர் சுவரோடு சாய்ந்து துடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் ஜெபமாலை சுற்றியிருந்தது. காலடியில் ஒரு பித்தளைக் குழல். இரண்டு பாதியாகப் பிரித்து, கீல் வைத்து, மூடித் திறக்கிற மாதிரி பட்டறை சுத்தத்தோடு செய்த குழல். வெந்த தோல் அதில் ஒட்டியிருந்தது.

பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே கேட்டேன். “என்னய்யா இது? என்ன கண்றாவி இது?”

எரிச்சல் தாங்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் மாதம் ஒரு முறை ஒரு டாக்டர் வந்து தங்குவானாம். சாமானைப் பெரிதாக்கித் தருவேன் என்று நோட்டீஸ் போட்டிருந்தானாம். சின்னதாக இருப்பதால்தான் பிள்ளை தங்குவதில்லை என்றும் அதில் இருந்ததாம். இவர் செம்பட்டிக்கு என்று சொல்லிவிட்டுப் போனது அங்கேதான்.

“ஒரு பொட்டி வச்சிருக்காருடி. ஒயர் வருது. ஒயர் முனையில வட்டமா ஒரு பில்லை. எண்ணெயைத் தடவி அதை மேல வச்சுத் தேய்க்கிறாரு. நெருப்பே கெடையாது, ஆனா உள்ளுக்குள்ள சுடுது. சத்தத்தால சுடுதாம்.”

“என்ன சத்தம்?”

“அது காதுக்குக் கேக்காதாம்.”

“கேக்காத சத்தத்துக்கா மாசாமாசம் வெள்ளைச் சட்டை?”

“சிரிக்காதடி. சூடு இருக்கையிலயே புடிச்சு இழுக்கணும். விட்டு விட்டு நூத்தம்பது தடவை. அந்தப் பொட்டி இங்க இல்லாததால தெனமும் உப்பு ஒத்தடம் வைக்கச் சொன்னாரு. எண்ணிக்கை தப்பிரும்னுதான் மாலையை எடுத்தேன். சுத்துக்கு அம்பது சின்ன மணி, மூணு சுத்து உருட்டுனா கணக்கு வந்துரும்.”

“மாதாவே” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். “இது பித்தலாட்டம்னு ஒனக்குத் தோணலையாய்யா? ஒரு வருசம்!”

“ஏன் தோணணும்?” என்றார். அந்த வலியிலும் கோபம் வந்துவிட்டது அவருக்கு. “இருவது வருசமா நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்? சூடு வச்சு இழுத்தா நீளாத கம்பி ஒண்ணு காட்டு. உப்புச் சூடு பத்தல, அதான் நீளல. அதுக்குத்தான் கொழல் செஞ்சு கங்குல காய்ச்சுனேன்.”

டாக்டர் படித்தவன், ஏமாற்றினான். வேறு யாரும் அவன் பேச்சில் பாதியைத்தான் நம்பியிருப்பார்கள். என் புருஷன் பூட்டுக்காரர். அதனால் முழுசாக நம்பினார், டாக்டர் சொல்லாததையும் சேர்த்து நம்பினார்.

“கம்பிக்கு உசுரு இருக்கா?” என்று கேட்டேன். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “நான் எப்பவாச்சும் கொறை சொன்னேனா? ஒரு நாள், ஒரு வார்த்தை?”

“இல்ல” என்றார். “நீ ஒண்ணும் சொல்லல. எனக்கா தோணுச்சு.”

அந்த “இல்ல”வை என் காதால் கேட்டேன். அந்தக் கொட்டகையில், அவர் வாயால்.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே மருந்து கட்டுகிற நர்ஸ் எங்கள் தெருப் புஷ்பமேரி. பச்சைத் துணி மறைப்புக்கு உள்ளே அவர், வெளியே பெஞ்சில் நான். புஷ்பமேரி விசாரிப்பது என் காதில் விழுந்தது.

“என்ன அண்ணே இது, இந்த எடத்துல எப்படிச் சுட்டுச்சு? உண்மையைச் சொன்னாத்தான் மருந்து போட முடியும்.”

அப்புறம் அவர் குரல்.

“என்னத்தைச் சொல்றது புஷ்பம். எல்லாம் எம் பொஞ்சாதியாலதான். பத்தல, பத்தலைன்னு தெனமும் அரிச்சு எடுத்துட்டா. தொல்லை தாங்காமத்தான் இந்த வைத்தியத்துக்குப் போனேன்.”

நான் எழுந்து அந்தத் துணியை விலக்கியிருக்க வேண்டும். இன்றைக்கு வரை அதை நினைத்தால் கை பரபரக்கிறது. அன்றைக்குப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வலியில் உளறுகிறார், வீட்டுக்குப் போனதும் கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புஷ்பமேரி வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே கதை தெருவுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் குழாயடியில் பேச்சு நின்றது, நான் குடத்தை வைத்ததும். ஒருத்தி சொன்னாள், “வியாகுலம் அக்காவுக்கு முதல்ல விடுங்கடி. அவுகளுக்கு எல்லாம் பெருசா வேணும், கொடம் உட்பட.” சிரித்தார்கள். என் ஒரு வார்த்தைக்கு நின்ற குழாயடி.

“எவடி அவ? மூஞ்சியைப் பாத்துப் பேசு” என்றேன். “அவரு செஞ்ச கூத்துக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“ஜெபமாலை சொல்ற மனுசன் பொய் சொல்லுவாராக்கா?” என்றாள் இன்னொருத்தி.

அந்தப் பக்திமான் பட்டத்தை ஊரெல்லாம் சுமந்து போய் விற்றது நான்தான்.

மூன்றாம் நாள் மதர் கூப்பிட்டார். சாவிக்கொத்தை மேஜையில் வைக்கச் சொன்னார். “எண்பது கன்னிப் பிள்ளைகள் இருக்கிற எடம், வியாகுலம். உன்னைப் பத்தி இப்படியொரு பேச்சு இருக்கறப்போ அடுப்படியில விட முடியாது.” நான் சொல்ல வந்ததைச் சொல்லவிடவில்லை. “அந்த மாதிரி விஷயத்தை இங்க பேசாத” என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டார். பேசவிடாமல் தீர்ப்புச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

வீட்டுக்கு வந்து அவர் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

“ஆஸ்பத்திரியில சொன்னதைக் கேட்டேன்” என்றேன். “எதுக்குய்யா அப்படிச் சொன்ன?”

“வாயில வந்துருச்சு. ஆம்பளை நான், லாட்ஜு டாக்டருகிட்டப் போனேன்னு எப்படிடி சொல்றது?”

“சரி. வாயில வந்துருச்சு. இப்ப அதே வாயால மதருகிட்ட வந்து, அவ ஒண்ணும் சொல்லல, எனக்காத்தான் புத்தி போச்சுன்னு சொல்லு. ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம். மதர் ஒருத்தருக்குச் சொன்னாப் போதும்.”

புண் ஆறட்டும் என்றார். ஆறியது. தவக்காலம் போகட்டும் என்றார். போனது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு நாள் சொன்னார், ஏதோ கடன் தீர்ந்த மாதிரி. “அவரு வெளிய சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதான அங்க சொன்ன?” என்றேன். இரண்டு வேளை அடுப்பு மூட்டாமல் விட்டேன். மூன்றாம் வேளை, “கெளம்பு, வாரேன்” என்றார்.

மடத்தில் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே வராண்டாவில் நின்றேன். உள்ளே பேசுவது கேட்கவில்லை. மதர் தலையாட்டுவது மட்டும் ஜன்னலில் தெரிந்தது. சொல்கிறார், என் புருஷன் சொல்லிவிட்டார் என்று நெஞ்சு இளகியது. அத்தனை நாள் கோபமும் அந்த நிமிஷத்தில் கரைந்தது. பாவம், எவ்வளவு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொல்லியிருப்பார், வீட்டுக்குப் போனதும் நல்லதாக ஒரு வெஞ்சனம் வைத்துச் சோறு போட வேண்டும் என்று நினைத்தேன்.

மதர் வெளியே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. சாவிக்கொத்து கையில் இருந்தது.

“உன் புருஷன் பெரிய மனசுக்காரர், வியாகுலம். எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன், மதர், நீங்களும் அவளை மன்னிச்சிருங்கன்னு கண்ணீர் விட்டார். நாளையிலிருந்து வேலைக்கு வா. இனிமே அடக்கமா இரு.”

அவர் மதருக்குப் பின்னால் நின்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வாங்கிக்கொள், காரியம் முடிந்தது என்கிற மாதிரி. சாவியை வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். சோறும் சம்பளமும் திரும்பியிருக்கும். நான் வாங்கவில்லை.

“இவரு எதை மன்னிச்சாரு மதர்?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜ், பெட்டி, கேட்காத சத்தம், உப்பு மூட்டை, பித்தளைக் குழல், நூற்றைம்பது இழுப்பு, அதை எண்ணிய ஜெபமாலை. அடக்கமான வார்த்தை எனக்குத் தெரியாது, தெரிந்த வார்த்தையில் சொன்னேன். மதர் ஜெபமாலை வரை கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் அவரைப் பார்த்துக் கேட்டார், “ராயப்பராஜ், இது உண்மையா?”

என் உயிரெல்லாம் அவர் உதட்டில் இருந்தது.

“அவளுக்குக் கோவம் வந்தா இப்படித்தான் கண்டதையும் பேசுவா, மதர்” என்றார். “மனசுல வச்சுக்காதீங்க.”

அதற்குமேல் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒட்டன்சத்திரத்தில் என் தங்கை ஜெயமேரி வீடு. அவள் சந்தையில் தக்காளி தரம் பிரிக்கிற வேலையில் இருந்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். கேரளா லாரி கிளம்புவதற்குள் அழுகலைப் பொறுக்கி ஒதுக்க வேண்டும். குனிந்த தலை நிமிராத வேலை. அது எனக்கு நல்லதாகவே இருந்தது.

அவர் ஒரே ஒரு முறை வந்தார், இரண்டு வருஷம் கழித்து. சந்தைக்கு நடுவில், கூடைகளுக்கு இடையில் நின்றார். இளைத்திருந்தார்.

“வீடு பாழாக் கெடக்கு. வாடி போகலாம்” என்றார்.

“மதர்கிட்டச் சொல்லிட்டியா?”

“இன்னுமா அதையே புடிச்சுக்கிட்டு இருக்க? எல்லாரும் மறந்துட்டாக.”

“நான் மறக்கலையே. சொல்லிட்டு வா. அடுத்த வண்டியில நான் வாரேன்” என்றேன்.

பக்கத்தில் இருந்த வியாபாரி, “ஏனுங்க, ஊட்டுக்காரருங்களா? உக்காரச் சொல்லுங்க” என்றார். அவர் உட்காரவில்லை. போனார். மனுஷனுக்கு அந்த ஒரு வாக்கியத்தைவிடத் தனியாகக் கிடப்பது சுலபமாக இருந்தது. ஏழு வருஷம் அப்படியே கிடந்தார்.

அறுபத்தொன்பது ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டார். ஆள் வந்து சொன்னதும் கிளம்பினேன். கட்டியவர், புதைக்க வேண்டியது என் கடமை. முற்றத்தில் பெட்டி திறந்திருந்தது. பெண்கள் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள், மரியாதைக்கு இல்லை. “கடைசி வரைக்கும் அந்த மனுசனை வாட்டிட்டா” என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. மதரும் வந்திருந்தார், கையில் பூவோடு.

செபஸ்தியான் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தார். மெதுவான குரலில் சொன்னார், “மனசுல எதையும் வச்சுக்காத தங்கச்சி. ஒம் மேல தப்பு இல்லைன்னு எங்களுக்கு அப்பவே தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“கொழலை நம்ம பட்டறையிலதான செஞ்சான்? எதுக்குன்னு கேட்டோம், சொன்னான். பட்டறை முழுக்கச் சிரிச்சோம். ஆஸ்பத்திரியில ஒம் பேரைச் சொன்னதையும் அவனே எங்ககிட்டச் சொல்லி அழுதான்.”

பட்டறையில் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் பெண்டாட்டி உண்டு. அந்தப் பெண்டாட்டிகள்தான் குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்.

“ஏழு வருசமாத் தெரியுமா அண்ணே?” என்றேன். “ஏன் ஒருத்தரும் வாயைத் தொறக்கல?”

“ஆம்பளை மானம் தங்கச்சி. எப்படிச் சொல்றது?”

“இப்பத்தான் செத்துட்டாரே. இனி அவரு மானத்துக்கு என்ன? அந்தா நிக்கிறாங்க மதர். இந்தா நிக்கிறாளுக அத்தனை பேரும். இப்பச் சொல்லுங்க.”

அவர் மதரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “செத்தவனைப் போய்…” என்றார். அவ்வளவுதான். நகர்ந்து போய் மற்ற ஆண்களோடு நின்றுகொண்டார்.

சாமியார் வந்துவிட்டார் என்றார்கள். கடைசியாக முகம் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், விழுந்து அழுவேன் என்று.

“நான் பாத்தது போதும்” என்றேன். “மூடுங்க.”